பழைய கார், குறைந்த நஷ்டஈடு: அந்தத் தொகை எப்படி வருகிறது, எங்கே கேள்வி கேட்கலாம்

அப்பாவின் கார் 13 வருடப் பழையது. ஓரமாக நிறுத்தி வைத்திருந்தபோது பின்னால் வந்த வேன் ஒன்று இடது பக்கத்தை முழுக்க உரசி, பின் கதவை உள்ளே தள்ளிவிட்டது. யாருக்கும் அடி இல்லை, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, சாவி போட்டால் வண்டி கிளம்புகிறது. ஆனால் பத்து நாள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த கடிதம், பழுதுபார்க்கும் செலவு வாகனத்தின் மதிப்புக்குக் கட்டுப்படியாகாது, ஆகவே இது டோட்டல் லாஸ், அதாவது முழு இழப்பு, என்றது. கீழே ஒரு தொகை. அந்தத் தொகைக்கு அதே மாடலில், அதே வருடத்து வண்டி ஒன்றைக்கூட வாங்க முடியாது. அன்று இரவு முழுக்க உட்கார்ந்து தேடிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்பா, “பழைய வண்டிதானே, இவ்வளவுதான் வரும், விடு” என்றார். பெரும்பாலானவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ பேர் தங்களுக்குச் சேர வேண்டியதை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கடிதத்தோடு மூன்று பக்க மதிப்பீட்டுத் தாள் ஒன்று இணைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் எங்கள் வண்டியின் பதிவு எண் சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் மாடலின் அடிப்படை வேரியன்ட் குறிக்கப்பட்டிருந்தது, எங்களுடையது அதில் உயர்ந்த வேரியன்ட். ஓடிய கிலோமீட்டர் என்ற இடத்தில், வருடத்துக்கு இவ்வளவு ஓடியிருக்கும் என்று 13ஆல் பெருக்கியது போன்ற ஓர் உருண்டை எண் இருந்தது, ஓடோமீட்டரில் இருந்தது அதில் பாதிகூட இல்லை. டயர் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நான்கு டயரும் மாற்றி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அப்புறம் ‘வாகனத்தின் நிலை: சராசரி’ என்று ஒரு வரி. அந்தத் தாளில் இருந்தது எங்கள் கார் இல்லை, அதே வருடத்தில் வெளிவந்த ஏதோ ஒரு கார்.

இந்த விஷயத்தின் மையமே இதுதான். நஷ்டஈட்டுத் தொகையைக் கருணையோ கோபமோ முடிவு செய்வதில்லை, வண்டியைப் பற்றிய விவரிப்புதான் முடிவு செய்கிறது. விவரம் எதுவும் கையில் இல்லாவிட்டால் நிறுவனம் சராசரியைப் போட்டுக்கொள்ளும். புதிய காருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, ஒரு வருடம் ஓடிய கார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன கார்கள் அப்படி இல்லை. ஒன்று ஒழுங்காக சர்வீஸ் பார்த்து நிழலில் நின்றிருக்கும், இன்னொன்று நான்கு கை மாறி, அடிபாகம் துருப்பிடித்து, கியர் விழாமல் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே சராசரியைப் போட்டால் நன்றாக வைத்திருந்தவர்தான் நஷ்டப்படுவார்.

சரி, பாலிசி உண்மையில் என்னதான் வாக்குத் தருகிறது? ஈடுசெய்தல் என்ற ஒரே கொள்கை. தீப்பிடித்த ஒரு வீடு பற்றி 1883இல் இங்கிலாந்தில் வந்த காஸ்டெலைன் எதிர் பிரஸ்டன் தீர்ப்பு இதை நன்றாகச் சொன்னது: காப்பீடு எடுத்தவருக்கு முழு ஈடு கிடைக்க வேண்டும், முழு ஈட்டுக்கு மேல் ஒருபோதும் கிடைக்கக் கூடாது. நிறுவனங்கள் நமக்கு எப்போதும் எடுத்துச் சொல்வது இரண்டாவது பாதியை, லாபம் பார்க்க முடியாது என்பதை. அது நியாயம்தான், பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிய காரைக் கேட்க முடியாது. ஆனால் அதே வாக்கியத்தின் முதல் பாதியும் அதே அளவுக்குச் செல்லும்.

முழு ஈடு என்றால் எவ்வளவு என்பதில்தான் சண்டை. ஒரு பழைய காருக்கு ஒரே நாளில் மூன்று விலை இருக்கும். நீங்கள் வியாபாரியிடம் விற்றால் அவர் தருவது ஒன்று, அதே வண்டியை அவர் இன்னொருவருக்கு விற்பது ஒன்று, வாங்கிய விலையிலிருந்து வருடா வருடம் தேய்மானம் கழித்துக் கணக்குப் புத்தகத்தில் நிற்பது ஒன்று. மூன்றாவதில் பத்து வருடக் காருக்கு ஏறக்குறைய எதுவுமே மிஞ்சாது. ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 1974 ஏப்ரலில் இந்தக் கேள்வியைத் தெளிவாகத் தீர்த்தது: சேதமான பழைய காரின் மதிப்பு என்பது, அதே மாடல், அதே வருடம், ஏறக்குறைய அதே நிலை, அதே அளவு ஓடிய கார் ஒன்றைச் சந்தையில் வாங்க எவ்வளவு ஆகுமோ அதுதான், விசேஷக் காரணம் இல்லாமல் வரிக்கணக்குத் தேய்மானத்தை வைத்து அதை முடிவு செய்யக் கூடாது. அதாவது விற்கும் விலை அல்ல, மறுபடி வாங்கும் விலை. வண்டி போனபிறகு நாம் சந்தையில் நிற்பது வாங்குபவராகத்தான், விற்பவராக அல்ல என்பதை யோசித்தால் இது எவ்வளவு சரி என்று புரியும்.

அமெரிக்காவில் இதற்கு இன்னும் பழைய தீர்ப்பு ஒன்று உண்டு. மதுவிலக்கு வந்து பயனற்றுப்போன, பீருக்கான மால்ட் என்ற முளைதானியம் தயாரிக்கும் கட்டடங்கள் எரிந்த வழக்கில், 1928இல் நியூயார்க்கின் உயர்மட்ட நீதிமன்றம், சந்தை விலை மட்டுமோ கட்டும் செலவிலிருந்து தேய்மானம் கழித்தது மட்டுமோ முடிவானது இல்லை, சரியான மதிப்பை எட்ட உதவும் எந்தச் சான்றையும் பார்க்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் இது காப்பீடு எடுத்தவருக்குச் சாதகமாகப் போகவில்லை. ஆனால் எந்தச் சான்றையும் பார்க்கலாம் என்ற கதவு அப்போது திறந்தது, பழைய கார் வைத்திருப்பவர் நுழைய வேண்டியதும் அந்தக் கதவில்தான்.

பிரிட்டனில் நிதித்துறைக் குறைதீர்ப்பு அமைப்பு, வியாபாரிகள் பயன்படுத்தும் பல விலைக் கையேடுகளைப் பார்த்து, குறைவான தொகைதான் சரி என்று நிறுவனம் ஆதாரம் காட்டாவிட்டால் அவற்றில் உயர்ந்ததையே நியாயமானதாக எடுத்துக்கொள்கிறது. அங்குள்ள நிதித்துறைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2022 டிசம்பரில் காப்பீட்டு நிறுவனங்களை வெளிப்படையாகவே எச்சரித்தது: டோட்டல் லாஸ் ஆன வண்டிக்கு நியாயமான சந்தை மதிப்பைவிடக் குறைத்துச் சொல்லி, வாடிக்கையாளர் புகார் செய்தால் மட்டும் கூட்டித் தருவது கூடாது என்று. அப்படி எச்சரிக்க வேண்டி வந்ததே, முதலில் வரும் தொகை கடைசித் தொகை இல்லை என்பதற்கு நல்ல சாட்சி.

இந்தியாவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே பாலிசி எடுக்கும்போதே ஐடிவி (காப்பீட்டுக்காக அறிவிக்கப்பட்ட மதிப்பு) என்று ஒரு மதிப்பை எழுதிவிடுகிறார்கள், டோட்டல் லாஸ் என்றால் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். ஐடிவிக்கான தேய்மான அட்டவணை ஆறு மாதம் வரை 5 சதவீதத்தில் ஆரம்பித்து, நான்கு முதல் ஐந்து வருடத்துக்கு 50 சதவீதத்தில் முடிகிறது. ஐந்து வருடத்தைத் தாண்டிய காருக்கு அட்டவணையே கிடையாது, நிறுவனமும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் ஐடிவி. இதைப் பலர் கவனிப்பதில்லை. புதுப்பிக்கும்போது திரையில் வரும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள், பிரீமியம் குறைகிறது என்று இன்னும் இறக்கியும் விடுகிறார்கள். பிரீமியத்தில் மிச்சமாவது சொற்பம், விபத்தில் போவது பெரிது. இந்தியாவில் பழைய காரின் நஷ்டஈட்டுக்கான பேரம் விபத்துக்குப் பிறகு நடப்பதில்லை, புதுப்பிக்கும் நாளிலேயே முடிந்துவிடுகிறது.

மதிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அது தொகையை மட்டும் தீர்மானிப்பதில்லை, வண்டி பிழைக்குமா போகுமா என்பதையும் தீர்மானிக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வண்டியின் உண்மையான மதிப்பு 100, பழுதுபார்க்க 70 ஆகிறது, செலவு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று விதி. 100க்கு 70 என்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். அதே வண்டியை 85 என்று மதிப்பிட்டால் 70 என்பது 82 சதவீதமாகிவிடும், வண்டி ஸ்கிராப்புக்குப் போகும். கதவு அதே கதவு, அடி அதே அடி, மாறியது ‘சராசரி’ என்ற வரி மட்டும்.

இந்த எல்லை இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் ஐடிவியில் 75 சதவீதம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு விதி: நியூயார்க்கில் 75, டெக்சஸில் 100, கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் பழுது செலவையும் ஸ்கிராப் விலையையும் கூட்டி, அது வண்டியின் மதிப்பைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த முறையில், ஸ்பேர் பார்ட்ஸுக்குக் கிராக்கி உள்ள பழைய கார் இன்னும் சீக்கிரம் டோட்டல் லாஸ் ஆகிவிடும், ஏனென்றால் உடைத்து விற்றாலே நல்ல விலை போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் விதி. அங்கே தவறு செய்த எதிர்த்தரப்பின் காப்பீட்டிலிருந்து நஷ்டஈடு வாங்கும்போது, பழுது செலவு காரின் மறுகொள்முதல் மதிப்பைத் தாண்டினாலும், 130 சதவீதம் வரை பழுதுபார்த்துக்கொள்ளலாம். நிபுணரின் அறிக்கைப்படி முழுமையாகச் சரிசெய்ய வேண்டும், அதன்பிறகு பொதுவாக ஆறு மாதமாவது அதே காரை வைத்து ஓட்ட வேண்டும். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம், தன் வண்டி எப்படி ஓட்டப்பட்டது, எப்படிப் பராமரிக்கப்பட்டது, எப்போது என்ன கோளாறு வந்து எப்படிச் சரியானது என்பது உரிமையாளருக்குத் தெரியும், சந்தையில் வாங்கும் வேறு காரில் அந்தத் தெரிதல் கிடைக்காது என்பது. பழகிய வண்டிக்கு ஒரு மதிப்பு உண்டு என்று ஒரு நீதிமன்றம் சட்டத்தின் மொழியில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

வண்டி பழுதுபார்க்கும் பக்கம் போனால் சண்டை வேறு மாதிரி இருக்கும், அங்கே தேய்மானம் பில்லின் ஒவ்வொரு வரியிலும் வரும். இந்தியாவின் வழக்கமான பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள், ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம், கண்ணாடிக்கு எதுவும் கழிப்பதில்லை. மற்ற பாகங்களுக்கு வயதைப் பொறுத்துக் கழிவு ஏறிக்கொண்டே போய், ஐந்து முதல் பத்து வருடத்துக்கு 40 சதவீதமும் அதற்கு மேல் 50 சதவீதமும் ஆகும். பெயிண்டில் பாதி கழிவது பொருளுக்கு மட்டும்தான், கூலிக்கு இல்லை. பில்லில் பெயிண்ட் வேலையை ஒரே தொகையாக எழுதியிருந்தால் அதில் 25 சதவீதத்தையே பொருள் என்று எடுத்து, அதற்குத்தான் தேய்மானம் போட வேண்டும். இந்த இடத்தில் தவறு நடந்தால் கண்டுபிடிப்பது சுலபம், கால்குலேட்டர் போதும். டிங்கரிங் கூலியிலும் தேய்மானம் கழிக்கக் கூடாது, பழையதாவது பாகம்தான், உழைப்பு அல்ல.

தேய்மான அட்டவணை இல்லாத நாடுகளில் இதையே ‘முன்னேற்றம்’ என்ற பெயரில் கழிப்பார்கள், அதாவது பழைய பாகத்துக்குப் புதியது போட்டதால் வண்டி முன்பைவிட நல்ல நிலைக்கு வந்துவிட்டது, அந்த வித்தியாசம் உங்கள் பங்கு என்று. டயருக்கும் பேட்டரிக்கும் இது பொருந்தும், அவை தேய்ந்து மாற்றப்பட வேண்டியவை. கதவுக்கும் ஃபெண்டருக்கும் பொருந்தாது என்பது என் கருத்து: புதிய கதவு போட்டதால் 13 வருடக் காரை யாரும் ஒரு பைசா கூடுதலாகக் கொடுத்து வாங்கப்போவதில்லை.

எதிர்த்தரப்பின் தவறு என்றால், உங்கள் பாலிசியின் அட்டவணை எதிர்த்தரப்பைக் காப்பாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். அட்டவணை உங்களுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம், மோதியவர் தர வேண்டியது சட்டப்படியான இழப்பீடு. ஆனால் அந்த வழி பல இடங்களில் மெதுவானது. இந்தியாவில் அது தீர்ப்பாயம் வழியாகப் போகும், அதனால்தான் பலர் சொந்த பாலிசியிலேயே முடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து ஆதாரம். முதலில் மதிப்பீட்டுத் தாளையும், சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொகையைப் பற்றி வாதாடுவதற்கு முன் தாளில் உள்ள விவரங்களை வண்டியோடு ஒப்பிடுங்கள்: வேரியன்ட், எரிபொருள், கியர் வகை, கிலோமீட்டர், எத்தனையாவது உரிமையாளர், நிலை, கூடுதல் வசதிகள். இவை தகவல் பிழைகள், இவற்றை யாரும் மறுத்துப் பேச முடியாது, திருத்தித்தான் ஆக வேண்டும். பிறகு ஒப்பீட்டுக்கு எடுத்த வண்டிகளைப் பாருங்கள். அவை எவ்வளவு தூரத்தில் இருந்தவை, எத்தனை கிலோமீட்டர் ஓடியவை, முன்பு விபத்தில் அடிபட்டவையா, விளம்பர விலையிலிருந்து பேரத்துக்கு என்று ஏதாவது கழித்திருக்கிறார்களா, அப்படிக் கழித்தால் எந்த ஆதாரத்தில்? அமெரிக்காவில் இந்தக் கடைசிக் கழிவை எதிர்த்தே பல கூட்டு வழக்குகள் நடந்திருக்கின்றன.

அதன்பிறகு உங்கள் பக்கத்து ஒப்பீடு. விபத்து நடந்த அதே வாரத்தில் தேடுங்கள், பழைய கார் விளம்பரங்கள் நான்கு நாளில் மறைந்துவிடும், எனவே தேதி தெரியும்படி ஒவ்வொன்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்து வண்டிகள் போதும். அதிக விலையுள்ள இரண்டை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள், பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், உங்கள் மற்ற ஆதாரங்களின் மேலும் நம்பிக்கை போய்விடும். குறைந்த விலையில் உள்ளதையும் சேர்த்து, அது ஏன் குறைவு என்று ஒரு வரி எழுதுங்கள்: மூன்றாவது உரிமையாளர், இரண்டு மடங்கு ஓடியது, இப்படி.

அப்பாவிடம் இருந்த பெரிய சொத்து ஒரு நீல நிறக் கோப்பு. 13 வருட சர்வீஸ் பில்களும் அதில் இருந்தன, ஒவ்வொன்றின் வலது மேல் மூலையிலும் அன்றைய கிலோமீட்டரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அந்த எண்களை வரிசையாக ஒரே தாளில் எழுதியதும், வண்டி எவ்வளவு மெதுவாக வயதானது என்பது யார் பார்த்தாலும் தெரிந்தது. ஓடோமீட்டர் படம் ஒன்றை மட்டும் அனுப்பினால் அதைச் சந்தேகப்படலாம், 13 வருடத்து வரிசையை யார் சந்தேகப்படுவது? கூடவே, தினமும் அந்த வண்டியைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம், விபத்துக்கு முன் வண்டி எப்படி இருந்தது என்று ஒரு பக்கம் எழுதி வாங்கினோம்.

இதில் ஒரு நேர்மையும் வேண்டும். செலவழித்ததெல்லாம் மதிப்பாகத் திரும்பாது. எஞ்சின் வேலைக்குக் கொடுத்த பணத்தை அப்படியே சந்தை மதிப்பின் மேல் கூட்டிக் கேட்டால் கிடைக்காது, நல்ல எஞ்சின் உள்ள கார் எவ்வளவுக்குப் போகும் என்பதே கேள்வி. வண்டி உண்மையிலேயே மோசமான நிலையில் இருந்திருந்தால், சராசரி என்று எழுதியதே உங்களுக்குச் சாதகம், அதைக் கிளறாமல் விடுவது நல்லது.

எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். தாளில் உள்ள பிழைகள் இவை, திருத்திய விவரப்படி ஒப்பீட்டு வண்டிகள் இவை, எனவே தொகை இவ்வளவாக இருக்க வேண்டும், மறுத்தால் எந்த ஆதாரத்தில் என்று எழுத்தில் சொல்லுங்கள். இவ்வளவுதான். வருத்தத்தையும் கோபத்தையும் அதில் கொட்ட வேண்டாம். முழு மற்றும் இறுதித் தீர்வு என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், சர்ச்சை இல்லாத தொகையை முதலில் தந்துவிட்டு மீதியைப் பேசலாமா என்று கேளுங்கள். இந்தியாவில் அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் மேல்கொண்டு கேட்கும் உரிமை போய்விடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது, ஆனாலும் போடாமல் இருப்பதே நிம்மதி.

வண்டியை நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் வழி உண்டு, ஸ்கிராப் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அந்த ஸ்கிராப் விலை எந்தக் கொட்டேஷனில் வந்தது என்று கேட்க வேண்டும், அதை ஏற்றிச் சொன்னாலும் உங்களுக்கு நஷ்டம்தான். ஒன்று கவனிக்க வேண்டும்: பல நாடுகளில் வண்டியின் ஆவணத்திலோ பதிவேட்டிலோ இது குறிக்கப்பட்டுவிடும். பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து ஏ, பி, எஸ், என் என நான்கு வகை உண்டு, முதல் இரண்டும் மறுபடி சாலைக்கு வரவே முடியாது, மற்ற இரண்டும் சரிசெய்து ஓட்டலாம், ஆனால் விற்கும்போது விலை குறையும்.

நிறுவனம் அசையாவிட்டால் அடுத்த படி இருக்கிறது. அமெரிக்கப் பாலிசிகள் பலவற்றில் மதிப்பீட்டு விதி என்று ஒன்று இருக்கும்: இரு தரப்பும் ஆளுக்கு ஒரு மதிப்பீட்டாளரை வைத்து, ஒத்துவராவிட்டால் நடுவர் முடிவு செய்வார். மதிப்பீட்டாளர் கூலி உங்கள் பொறுப்பு, எனவே வித்தியாசம் சிறிதாக இருந்தால் அது வீண். பிரிட்டனிலும் இந்தியாவிலும் குறைதீர்ப்பாளரிடம் போகக் கட்டணம் இல்லை, இந்தியாவில் 50 லட்சம் ரூபாய் வரையான இழப்பீட்டை அவர் விசாரிக்கலாம், நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். சர்வேயர் சொல்லிவிட்டார், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னால் அசந்துவிடாதீர்கள். சர்வேயர் அறிக்கை முக்கியமானதுதான், ஆனால் அதுவே இறுதி வார்த்தை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2009இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எங்களுக்கு இரண்டாவது தாள் 19 நாள் கழித்து வந்தது. வேரியன்ட் திருத்தப்பட்டிருந்தது, கிலோமீட்டர் சரியாக இருந்தது, ‘சராசரி’ இருந்த இடத்தில் ‘நன்று’ என்று இருந்தது. புது டயருக்குக் கேட்டதில் பாதிதான் தந்தார்கள், அதை அப்படியே விட்டுவிட்டோம். புதிய மதிப்பில் பழுது செலவு எல்லைக்கு உள்ளே வந்துவிட்டதால் டோட்டல் லாஸ் என்ற பேச்சு அதோடு நின்றது, வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. கதவு மாற்றி, பெயிண்ட் அடித்து வாங்கி வந்த அன்று அப்பா பில்லை வாங்கி, மூலையில் கிலோமீட்டரைப் பென்சிலால் எழுதி, நீலக் கோப்பில் வைத்தார்.